பழைய கார் நெரிசலில் மட்டும் சூடாகிறது. ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: 13 ஆண்டு பழைய ஜப்பானியக் கார். சிஓஇயை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். மலேசியாவின் ஜோகூர் பாரு போகும்போது உட்லண்ட்ஸ் கடற்பாலத்து எல்லை வரிசையில் ஏசியுடன் நின்றால் வெப்ப முள் ஏறுகிறது. விரைவுச்சாலைக்கு வந்ததும் இறங்கிவிடுகிறது. பட்டறையில் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்:

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஒரு வரியைப் பட்டறைக்காரர் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது: விரைவுச்சாலையில் முள் இறங்கிவிடுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடும்போது எஞ்சின் வெளியேற்றும் வெப்பம், வரிசையில் நின்று உறுமும்போது வெளியேற்றுவதைவிடப் பல மடங்கு அதிகம். அத்தனை வெப்பத்தையும் உங்கள் ரேடியேட்டர் அங்கே சமாளிக்கிறது. அப்படியானால் அதன் உட்குழாய்கள் பெரிதாக அடைபட்டிருக்க வாய்ப்புக் குறைவு. கடற்பாலத்து வரிசையில் இல்லாமல்போவது ஒன்றுதான், காற்று. ஓடும்போது அது தானாக முன்வலை வழியே வருகிறது. நிற்கும்போது மின்விசிறிதான் இழுத்துத் தரவேண்டும்.

சரக்கு வேன்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்த பழக்கத்தில் சொல்கிறேன்: எஞ்சின் சூடாகும் புகாரில் எவ்வளவு சூடு என்பதைவிட எப்போது சூடு என்பதைத்தான் முதலில் கேட்பேன். அதைக் கேட்காமல் பாகம் மாற்றக் கிளம்பும் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுக்கவே எனக்கு மனம் வராது.

ஆகவே முதலில் மின்விசிறி. வெளியே போய்த் திரும்பி எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்கும்போதே, திறந்தவெளியில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவிட்டு ஏசியைப் போடச் சொல்லிப் பாருங்கள். ஓரிரு நிமிடம் போதும். நிறுத்திய வண்டியில் சும்மா எஞ்சினை ஓடவிடுவது இங்கே அபராதத்துக்குரிய குற்றம் என்பதால் நீட்ட வேண்டாம். பட்டறை வளாகத்திலேயே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு விசிறிகள் இருக்கும். ஏசி போட்டதும் இரண்டும் சுற்ற வேண்டும். ஒன்று செத்து மற்றொன்று மட்டும் சுற்றினால், இரவில் சமாளிக்கும். நண்பகல் வெயிலில் ஏசியோடு நின்றால் முள் ஏறும். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இது அப்படியே பொருந்துகிறது. எஞ்சினை அணைத்த பிறகும் விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கலாம் என்பதால் விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சுற்றாத விசிறிக்கு ஃபியூஸைப் பார்க்கவும். அடுத்து, விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே. அதே எண்ணுள்ள ரிலே அந்த ஃபியூஸ் பெட்டியிலேயே இன்னொன்று இருக்கும், பல வண்டிகளில் ஹாரனுக்கு. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் ஒரு வெள்ளி செலவில்லாமல் விடை தெரிந்துவிடும். அதிலும் இல்லையென்றால் பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் கோளாறு வயரிலோ சென்சரிலோ. சுற்றவில்லை, ஆனால் ஸ்குரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டியதும் சுற்றுகிறது என்றால் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இரண்டும் சுற்றினாலும் ஒரு மெல்லிய தாளை முன்வலையில் வைத்துப் பாருங்கள். தாள் உள்ளே இழுபட வேண்டும். எங்கிருந்தோ வாங்கிய பழைய மோட்டாரை வயர் மாற்றிப் பொருத்தியதால் காற்றை முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்த வண்டியும் உண்டு.

விசிறி சரியாக இருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு ஏசி வாயுவைக் குளிர்விக்கும் கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பாருங்கள். 13 ஆண்டு இலைச்சருகு, தூசி, பூச்சி எல்லாம் அங்கே கம்பளிபோலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அழுத்தம் மிகுந்த ஜெட்டால் அடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்து, இருந்த காற்றோட்டமும் போய்விடும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. இதை யாரும் மதிப்பதில்லை. சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி ஏறத்தாழ ஒரு பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் 120 டிகிரிவரை தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ அந்த 20 டிகிரி கையிருப்பு போய்விடுகிறது. மூடிக்குள் ஒரு குட்டி வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது அதன் வழியாகத்தான் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், திரும்ப இழுக்கப்படுகிறது. அது அடைத்துக்கொண்டால் பக்கத்து டப்பாவில் கூலன்ட் நிறைவாகத் தெரியும், ரேடியேட்டரோ காலியாக இருக்கும். ஆகவே டப்பாவை நம்பாமல், காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மூடியையே திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்காதீர்கள். மாற்றினால் பழைய மூடியில் அழுத்தம் 0.9 என்றிருந்தால் புதியதும் 0.9 தான். இன்னும் பலமாக இருக்கட்டும் என்று 1.3 போட்டால் வயதான பிளாஸ்டிக் தொட்டி பிளந்துகொள்ளும்.

உங்கள் வண்டிக்குப் பொருந்தாத மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும். நின்றால் சரி, புக்கிட் தீமா விரைவுச்சாலையில் வேகமெடுத்தால் ஏறுகிறது என்றால் அடைபட்ட ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், அல்லது உறிஞ்சலில் சப்பையாகிப் போகும் கீழ் ஹோஸ். கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஏறினால் தெர்மோஸ்டாட், அதாவது சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு, திறக்கவில்லை. வெளியே எங்கும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, காலையில் எஞ்சின் போட்டவுடன் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகட்டை, சந்தேகிக்கலாம்.

முள்ளையும் முழுதாக நம்ப வேண்டாம். பல கார்களில் 80 முதல் 100 டிகிரிவரை அது நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகர்வதை நீங்கள் பார்க்கும்போது சூடு ஏற்கெனவே வரம்பைத் தாண்டியிருக்கும். எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி துளையில் செருகிக் கைப்பேசியில் பார்க்கும் சிறு கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வரிசையில் 95ஐ ஒட்டி ஏறி இறங்கினால் விசிறி வேலை செய்கிறது, 105ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் இல்லை.

காப்பிக்கடையில் யாராவது ஓர் அண்ணன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார். நம் ஊர் வெப்பத்துக்கு அது எதற்கு என்பார். எஞ்சின் தன் வேலை வெப்பத்துக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். சில எஞ்சின்களில் தண்ணீர் குறுக்குவழியில் சுற்றிக்கொண்டு சூடு இன்னும் ஏறும். பனி பெய்யாத ஊரில் கூலன்ட் எதற்கு, குழாய்த் தண்ணீர் போதும் என்பதும் அதே மேசையில் கிடைக்கும் ஆலோசனை. வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே துருப்பிடிக்காமல் காப்பது கூலன்ட்டில் உள்ள மருந்து. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், அதோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டக்கூடாது.

சரிசெய்யும்வரை வரிசையில் முள் ஏறினால் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள். ஹீட்டர் உள்ள காராக இருந்தால் அதை முழுச் சூட்டில் போடுங்கள். எஞ்சினின் சூடு அதன் வழியாக உங்கள் பக்கம் வந்துவிடும்; வேர்த்துக் கொட்டும், எஞ்சின் தப்பும். சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி அணைப்பதைத் தவிர வழியில்லை. நம் பக்கத்து விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இழுவை வண்டி கட்டணமின்றி அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை கொண்டுபோய்விடும். அங்கிருந்து பட்டறைவரை உங்கள் செலவு.

கடைசியாகப் பணம். ஐந்து ஆண்டு சிஓஇயை மறுபடி புதுப்பிக்க முடியாது; முதல் பத்து ஆண்டு போக, இந்த ஐந்தில் உங்களிடம் மீதமிருப்பது ஏறக்குறைய இரண்டு ஆண்டு. விசிறி மோட்டார், மூடி, ஹோஸ் எதுவானாலும் தயங்காமல் மாற்றுங்கள். ரேடியேட்டரின் மேல் தொட்டி பழுப்பேறி, ஓரத்தில் கூலன்ட் கசிந்து வெள்ளைப் பூப்பூத்திருந்தால் அப்போது பட்டறைக்காரர் சொன்னதைக் கேட்கலாம். ஹெட் கேஸ்கெட் என்றால் கணக்கே வேறு. எஞ்சினைப் பிரிக்குமுன் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்து, எஞ்சினுக்குள் எரிந்த புகை கூலன்ட்டில் கசிகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்; அது மஞ்சளாக மாறினால், பழுதுக்கான தொகையையும், காரை இப்போதே பதிவுநீக்கினால் சிஓஇயில் மீதிக் காலத்துக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.