கேள்வி பதில்: பந்து காலில் இல்லாத நேரம்

கேள்வி: எங்கள் பள்ளிக் கால்பந்து அணியில், நான்கைந்து பேரைத் தனியாகவே கடந்து கோல் அடிக்கக்கூடிய மாணவன் ஒருவன் இருக்கிறான். தடுப்புக்குத் திரும்பி வருவதில்லை என்று சொல்லிப் பயிற்சியாளர் அவனை அடிக்கடி வெளியே உட்கார வைக்கிறார். இது சரியா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: திறமையுள்ளவனை வெளியிலேயே வைத்திருப்பது நல்லதல்ல, ஆனால் பயிற்சியாளர் கேட்பது நியாயமானது. 90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் அவர் எங்கே நிற்கிறார், யாருக்காக எந்த இடத்தை அடைக்கிறார் என்பதுதான் கணக்கு. தடுப்பு வரிசையின் நால்வரும் ஒரே நொடியில் முன்னேறினால் எதிரணியின் முன்கள வீரர் ஆஃப்சைடில், அதாவது பந்து தன்னிடம் அனுப்பப்படும்போதே தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் தவறில், சிக்குவார். ஒருவர் இரண்டடி பின்தங்கி நின்றாலும் மற்ற மூவரின் உழைப்பு வீணாகிவிடும். நம் பக்கத்து வள்ளி கும்மியில் ஒருவர் அடி தப்பினால் வரிசை முழுவதும் குலைவதைப் போலத்தான் இதுவும்.

இந்த ஒழுங்கு பேச்சில் வராது, பழக்கத்தில்தான் வரும். 1980களின் இறுதியில் இத்தாலியின் ஏசி மிலான் அணியின் பயிற்சியாளராக இருந்த அரிகோ சாக்கி, பந்தே இல்லாமல் வீரர்களைக் களத்தில் நிறுத்தி, பந்து இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லி, அதற்கேற்ப அனைவரும் ஒன்றாக நகரும்படி பழக்கினார். குல்லிட், வான் பாஸ்டன் போன்ற பெரும் நட்சத்திரங்கள் இருந்த அந்த அணி, 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

கோவையிலேயே ஒரு சான்று உண்டு. பெயரில் சென்னை இருந்தாலும் கோவை நேரு விளையாட்டரங்கத்தைச் சொந்தக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று, தேசிய அளவிலான கால்பந்துத் தொடரான ஐ-லீக்கின் பட்டத்தைக் கைப்பற்றியது. அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி அன்று பெனால்டியில் ஆட்டத்தைச் சமன் செய்தார். வெற்றிக்கான இரண்டு கோல்களையும் அடித்தவரோ தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா.

கேள்வி: அப்படியானால் 1986 உலகக் கோப்பையை மரடோனா தனி ஆளாக வென்றார் என்பது பொய்யா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பாதி உண்மை. இங்கிலாந்துக்கு எதிராக அவர் அடித்த இரண்டாவது கோலை எந்தப் பயிற்சியும் எவருக்கும் கற்றுத் தந்துவிடாது. ஆனால் தடுக்கும் சுமையை மற்றவர்கள் ஏற்று, அவரைச் சுதந்திரமாக உலவ விடும்படி அந்த அர்ஜென்டினா அணியை அமைத்தவர் பயிற்சியாளர் பிலார்டோ. இறுதி ஆட்டத்தில் மரடோனா கோல் அடிக்கவில்லை. ஆட்டம் 2-2 என்றிருந்தபோது, மேற்கு ஜெர்மனி வீரர்கள் நெருக்கி நிற்க, அவர் முன்னே தள்ளிவிட்ட பந்தை ஓடிப் பிடித்து வெற்றி கோலை அடித்தவர் சக வீரர் புருசாகா.