குடிப்பதெல்லாம் என் தோளில்தான் வந்து நிற்கிறது

கேள்வி: என் மகனுக்கு 10 வாரம். தாய்ப்பால் மட்டும்தான். குடித்து முடித்ததும் கக்கிவிடுகிறான்; சில நேரம் மூக்கு வழியாகவும் வருகிறது. குடிப்பதெல்லாம் என் தோளில்தான் வந்து நிற்கிறது. சாயங்காலமானால் முதுகை வில்லாக வளைத்து வீறிட்டு அழுகிறான். டாக்டர் எடை பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறான்" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். நாத்தனார், தன் குழந்தைக்கு வாங்கிய அமில மருந்து பாதி பாட்டில் இருக்கிறது, கொடுத்துப் பார் என்கிறார். மாமியார் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கவை என்கிறார். என் பாலில்தான் ஏதாவது கோளாறா? இவனுக்கு நான்காவது மாதம் நடக்கும்போது என் தங்கை கல்யாணம் வருகிறது. அதற்குள் நின்றுவிடுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தப் பாதி பாட்டிலை நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் பாலில் கோளாறு எதுவும் இல்லை அம்மா. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சுருக்குப் பையின் வாய் மாதிரி. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டும். கைக்குழந்தைகளுக்கு அது நேரம் காலம் பார்க்காமல் தளர்ந்துவிடுகிறது. உள்ளே இருப்பதோ வெறும் பால், ஆளோ முக்கால்வாசி நேரம் படுத்தே இருப்பவர். அளவையும் பாருங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 150 மி.லி. பால் தேவைப்படுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதே கணக்கில் குடித்தால் 9 லிட்டர்! அவ்வளவையும் குடித்துவிட்டுப் படுத்தால் நமக்கும் எதுக்களிக்கத்தான் செய்யும்.

"குடிப்பதெல்லாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு ஒரு சின்ன சோதனை. ஒரு டீஸ்பூன் பாலை, அதாவது 5 மி.லி., உலர்ந்த துணியில் ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். இன்னொரு ஸ்பூனும் ஊற்றி, அவன் நனைத்த துணியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முழுப் பாலும் வெளியே வந்துவிட்டது என்று கண்ணீரோடு வருகிற அம்மாக்களுக்கு நான் இதைத்தான் முதலில் செய்து காட்டுவேன்.

உங்கள் டாக்டர் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறார். முதல் மூன்று மாதங்களில் குழந்தை நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை ஏறினால், தேவையான பால் உள்ளே தங்குகிறது என்று அர்த்தம். அதை உட்கார்ந்து விளக்கவும் இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். எங்கள் ஆட்களிடம் இந்தக் குறை உண்டு.

சரி, அந்த அழுகை? குழந்தைகளின் அழுகை பொதுவாகச் சுமார் ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். கக்காத குழந்தைகளும் சாயங்காலம் வீறிடுவார்கள். முதுகை வளைப்பதும் அப்படித்தான். தூக்கக் கலக்கம், வயிறு நிறைந்த அவஸ்தை, சும்மா கோபம், எல்லாவற்றுக்கும் அவர்களிடம் இருப்பது அந்த ஒரு வில்தான். அதை மட்டும் வைத்து அமிலத்தின் மேல் பழி போட முடியாது.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். அமிலத்தைக் குறைக்கும் மருந்து பால் மேலே வருவதை நிறுத்தாது. மேலே வருவதன் புளிப்பை மட்டும் குறைக்கும், அவ்வளவுதான். அழுகிற குழந்தைகளுக்கு இந்த மருந்தையும் வெறும் போலி மருந்தையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், அழுகை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் குறைந்தது. கிருமிகளைக் கொல்லும் வேலையும் அமிலத்துக்கு உண்டு என்பதால், அதைக் குறைத்தால் வயிற்றுப்போக்கு, நுரையீரல் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு காலத்தில் நானும் இதைத் தாராளமாக எழுதிக் கொடுத்தவன்தான், மறைக்கவில்லை. உணவுக்குழாய் உண்மையிலேயே புண்ணாகியிருந்தால் மருந்து வேண்டும். அப்போதும் எடைக்கு ஏற்ற அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தலையணை வேண்டவே வேண்டாம், ஒருக்களித்தும் வேண்டாம். மட்டமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், இரவும் பகலும். புரையேறிவிடுமோ என்று பயம் வருவது இயற்கை. ஆனால் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகிவிடும். ஒருக்களித்துக் கிடக்கும் குழந்தை எப்போது வேண்டுமானாலும் குப்புறப் புரளலாம். தலையை உயர்த்தினால் தாடை நெஞ்சில் மடிந்து மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளின் விற்பனையை அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டே நிறுத்தியது.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாதியில் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை ஏப்பம் விட வையுங்கள். அப்புறம் 20, 30 நிமிடம் நிமிர்த்தித் தூக்கி வைத்திருங்கள். வயிற்றை மடக்கும் சாய்வு இருக்கைகளில் உட்கார வைத்தால் இன்னும் கூடும். டயபரை இறுக்காதீர்கள். கக்கிய உடனே ஈடுகட்ட மறுபடி ஊட்ட வேண்டாம், அவனே கேட்கட்டும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அது இதையும் மோசமாக்கும். பாலைக் கெட்டியாக்க எதையும் நீங்களாகக் கலக்காதீர்கள். மலத்தில் ரத்தமோ சளியோ, தோலில் விடாத அரிப்புத் தடிப்போ இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் உங்கள் சாப்பாட்டில் பால் பொருள்களை நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். யார் யாரோ சொல்வதைக் கேட்டு ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கடைசியில் அம்மாவே அரைப்பட்டினி கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"கக்கின பிள்ளை தக்கும்" என்று ஒரு பழமொழி உண்டு. உங்கள் மாமியாருக்கும் தெரிந்திருக்கும். முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசிக்குத்தான் டாக்டர் வேண்டும். பச்சை நிறத்தில் வாந்தி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடல் அடைப்பாக இருக்கலாம். ரத்தமோ காப்பித்தூள் போன்றதோ வந்தாலும், வயிறு உப்பினாலும், காய்ச்சல் வந்தாலும், குழந்தை துவண்டுபோனாலும், சிறுநீர் குறைந்தாலும், மூச்சு நின்று நீலம் பாரித்தாலும் உடனே கிளம்புங்கள். ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடித்து வாந்தி எடுத்துவிட்டு உடனே பசியோடு அழுதால், இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்திருக்கலாம். பெரும்பாலும் மூன்று முதல் ஆறாவது வாரத்துக்குள் தலைகாட்டும் இது, ஒரு சிறு அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். எடை ஏறாமல் நின்றாலோ, ஒரு வயதுக்குப் பிறகும் கக்குவது தொடர்ந்தாலோ அதையும் காட்ட வேண்டும்.

கல்யாணத்துக்குள் நிற்காது. பொய் சொல்லி என்ன பயன்? நான்காம் மாதம்தான் பெரும்பாலும் இதன் உச்சம். பிறகு உட்காரவும் திட உணவு சாப்பிடவும் ஆரம்பித்தால் குறையும். முதல் பிறந்தநாளுக்குள் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நின்றுவிடும். அதற்காகக் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். அவனுக்கு நாலைந்து சட்டை எடுத்து வைப்பீர்கள், தெரியும். உங்களுக்கும் ஒரு மாற்றுடை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் போட்டோவை முதலில் முடித்துவிட்டு அப்புறம் பால் கொடுங்கள்.