கரம்பை அடிக்கப் புரோக்கர் எதற்கு?

கேள்வி: நாங்குநேரி வட்டத்தில் எனக்கு மூன்று ஏக்கர் செம்மண் புஞ்சை இருக்கிறது. ஊர்க் குளத்தடியில் படிந்த வண்டல் மண்ணான கரம்பையை எடுத்து நிலத்தில் அடிக்க நினைக்கிறேன். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், சிட்டா, ஆதார் நகலைக் கொடுத்தால் பெர்மிட்டைத் தானே வாங்கி, லோடுக்கு 900 ரூபாய் வீதம் நிலத்தில் கொண்டுவந்து தட்டிவிடுவதாகச் சொல்கிறார். நம்பலாமா? இதைவிடப் பண்ணைக்குட்டை வெட்டுவது நல்லதா?

பதில்: நகலைக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால், நாளைக் காலையே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் உங்கள் பெயரில் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

விவசாயத்துக்காகக் குளத்து வண்டல் எடுக்க அரசுக்கு ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. ஆட்சியர் அலுவலகம் வரை அலைய வைத்த அனுமதியை 2024-ல் வட்டாட்சியரே தரலாம் என்று மாற்றினார்கள். உங்கள் நிலமோ வீடோ குளம் இருக்கும் அதே வட்டத்தில் இருந்தால் போதும். இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். மண் எடுக்க அனுமதித்த குளங்களின் மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் அந்தக் குளம் இருக்கிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மண்தான் இலவசம், ஜேசிபி வாடகையும் டிராக்டர் நடைக்கூலியும் உங்களுடையது. புரோக்கர் பிழைப்பு நடத்துவது இந்த இடைவெளியில்தான்.

கணக்கைப் பார்ப்போம். புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர், நஞ்சைக்கு 75 என்பது விதி. உங்கள் மூன்று ஏக்கருக்கு 270 கன மீட்டர். டிராக்டருக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் 90 நடை. அவர் சொல்லும் விலையில் 81,000 ரூபாய். டிப்பர் வைத்திருப்பவர் யூனிட்டில் பேசுவார். ஒரு யூனிட் 100 கன அடி. ஆக உங்களுக்கு உரியது சுமார் 95 யூனிட். இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புரோக்கர் உங்கள் நிலத்தில் 40 நடை தட்டிவிட்டு, பெர்மிட்டில் 90 நடையையும் ஓட்டிவிடுவார். மிச்சம் 50 நடை செங்கல் சூளைக்கோ வீட்டுமனை நிரப்பவோ போயிருக்கும். பிடிபட்டால் அதிகாரிகள் தேடி வருவது பெர்மிட்டில் பெயர் உள்ள உங்களை. அவர் அப்போது திருப்பூரில் இருப்பார்.

இன்னொன்று. அவருக்குக் கரம்பையில் பெரிய ஆசை கிடையாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்தக் கறுப்பு மண்ணுக்கு அடியில் இருக்கும் சரளும், பள்ளம் நிரப்பும் சவுடு மண்ணும்தான் அவருக்குப் பணம். அதற்காக ஆழமாகப் பறித்தால் குளத்தின் களிப்படுகை ஓட்டையாகிவிடும். மடை மட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் மடை ஏறாது. கிணற்றுக்கு ஊறும், வயலுக்குப் பாயாது. கரையடியில் பறித்தாலோ கரையே போய்விடும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் நம் பக்கத்துக் குளங்கள் உடைந்ததைப் பார்த்தோம். அந்த மழை யாரும் எதிர்பாராதது, எல்லாப் பழியையும் மண் எடுத்தவர்கள் மேல் போட மாட்டேன். ஆனால் கரையை ஒட்டிப் பள்ளம் உள்ள குளம் அதில் பாதி மழையையும் தாங்காது. நீர்வளத்துறைப் பொறியாளர் குறித்துக் கொடுக்கும் இடத்தில், குறித்த ஆழம் மட்டும்தான் எடுக்க வேண்டும். குறிக்க அவர் வர வேண்டுமே என்கிறீர்களா? நான் அந்தத் துறையில் வேலையில் இருந்தபோதே மூன்று பிரிவுக்கு ஒரு ஆளைப் போட்டு, ஜீப்புக்கு டீசலும் தராமல் அனுப்பினார்கள்.

எல்லாக் குளத்து மண்ணும் ஆகாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடித்த மண்ணைத் திரும்ப அள்ள முடியாது. ராதாபுரம், திசையன்விளை வழியாகக் கடலை நெருங்க நெருங்கச் சில குளங்களின் மண்ணில் உவர் இருக்கும். வெயிலில் மேலே வெள்ளை பூத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். பூக்காத மண்ணிலும் சோடியம் ஒளிந்திருக்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி, காய்ந்த கரம்பைக் கட்டி ஒன்றைப் போட்டு, கலக்காமல் ஒரு நாள் வையுங்கள். கட்டி உதிர்ந்து அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் பயமில்லை. பால் கலந்ததுபோல் கலங்கியே நின்றால் அது உங்கள் செம்மண்ணை இறுக்கிவிடும். வேறு குளம் பாருங்கள். போர்த் தண்ணீரில் சோதித்தால் அதில் உள்ள உப்பே ஏமாற்றிவிடும், ஆகவே மழைத்தண்ணீர்தான். சந்தேகம் இருந்தால் குளத்தில் ஐந்தாறு இடத்து மண்ணைக் கலந்து அரைக்கிலோ எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

90 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம், ஒரு விரற்கடை கனம். இவ்வளவுதானா என்று தோன்றும். தண்ணீரைப் பிடிக்காத செம்மண்ணில் அந்த விரற்கடைக் களி இரண்டு மழைக்கு இடையே பயிரைக் காப்பாற்றும். ஆனால் வரப்பு உயர்த்தாமல் அடிக்காதீர்கள். முதல் ஐப்பசி மழையில் அத்தனையும் ஓடை வழியாகக் குளத்துக்கே திரும்பிவிடும்.

பண்ணைக்குட்டை உங்கள் மண்ணில் பிளாஸ்டிக் தாள் விரிக்காமல் தண்ணீரை நிறுத்தாது. இந்த ஆண்டு வேண்டாம்.

தனியாகப் போகாதீர்கள். அதே குளத்து ஆயக்கட்டில், அதாவது அந்தக் குளத்துத் தண்ணீர் பாயும் நிலங்களில், எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். ஒரே ஜேசிபியைப் பகிர்ந்துகொண்டால் வாடகை குறையும், ஆளுக்கு ஒரு நாள் கரையில் நின்று நடை எண்ணலாம். மாசியிலேயே மனுப் போடுங்கள். குளம் பெருகிய பிறகு வரும் அனுமதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இனி எந்த நகலை யாருக்குக் கொடுத்தாலும், அதன் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.