சட்டமன்றம் மறுத்தால் மாநிலத்தைப் பிரிக்க முடியாதா?

தம்பி, பட்டிமன்றத்துல "சட்டமன்றம் சம்மதிக்காம மாநிலத்தைப் பிரிக்க முடியாது"ன்னு ஆரம்பிக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம், எதிரணி எடுத்த எடுப்புலயே மடக்கிடுவாங்க. அரசியலமைப்பின் 3-வது பிரிவுப்படி, குடியரசுத் தலைவர் மசோதாவைச் சட்டமன்றத்தின் கருத்துக்கு அனுப்பணும், அவ்வளவுதான். அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

ஆந்திராவையே பாருங்க. தெலங்கானாவைத் தனி மாநிலமாப் பிரிக்கிற மசோதாவை 2014 ஜனவரி 30-ல் ஆந்திரச் சட்டமன்றம் நிராகரிச்சுது. பிப்ரவரி 13-ல் பிரிவினையை எதிர்த்து மக்களவைக்குள்ளயே ஒரு எம்பி மிளகு ஸ்ப்ரே அடிச்சார். மத்த எம்பிக்கள் கண்ணைக் கசக்கிட்டு, இருமிக்கிட்டே வெளியே ஓடினாங்க. ஆனாலும் 18-ஆம் தேதி மக்களவையில நிறைவேறிச்சு, ஜூன் 2-ல் தெலங்கானா பிறந்தாச்சு.

தலைகீழ் உதாரணமும் இருக்கு: 2011 நவம்பர்ல உத்தரப் பிரதேசத்தை நாலாப் பிரிக்கச் சொல்லி அந்தச் சட்டமன்றமே தீர்மானம் போட்டுது. மாநிலம் இன்னும் ஒண்ணாத்தான் இருக்கு. உங்க அணி "சட்டமன்றத்தோட சம்மதம் கட்டாயம்"னு பேசாம, "கருத்தைக் கேட்டும் மதிக்காதது நியாயமா?"ன்னு பேசுங்க.