முற்றத்து மணலில் குழிநரி: எங்கே தேடுவது, எப்படி வளர்ப்பது?

கேள்வி: சிறுவயதில் முற்றத்து மணலில் புனல்போல இருக்கும் சின்னஞ்சிறு குழிகளைக் கலைத்து, உள்ளே பதுங்கியிருக்கும் புழுவைப் பிடிப்போம். உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நகரும். என் ஆறு வயது மகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று ஆசை. தோட்டம் முழுக்கத் தேடியும் ஒரு குழிகூடக் கண்ணில் படவில்லை. எங்கே தேடுவது? கடிக்குமா? வீட்டில் சில நாள் வைத்து வளர்க்கலாமா?

பதில்: நீங்கள் பிடித்து விளையாடியது குழிநரி. குழியானை என்றும் சொல்வார்கள். இறக்கையுள்ள ஒரு பூச்சியின் புழுப் பருவம் அது. உங்கள் மகள் வயதில் எனக்கும் அதுதான் விளையாட்டு. பூச்சிகளைப் படிக்க வந்ததற்கு அந்தக் குழிகளும் ஒரு காரணம். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் தேடிய இடம் சரியில்லை என்று நினைக்கிறேன். தோட்டம் என்றால் தண்ணீர் பாய்ச்சுகிற இடம். குழிநரிக்கு ஈரம் ஆகவே ஆகாது. நனைந்த மணல் ஒட்டிக்கொள்ளும், சரியாது. அந்தக் குழி எறும்பு பிடிக்க அது வைக்கும் பொறி, சரியாத மணலில் அதை வைக்க முடியாது. ஆகவே மழைச்சாரல் படாத, யாரும் மிதிக்காத, பொடிமணலோ புழுதியோ படிந்த இடங்களைப் பாருங்கள்: கூரையின் இறவாணத்துக்கு உட்புறம், திண்ணையின் கீழ், மாடிப்படிக்கு அடியில், பெரிய மரத்தின் வேர் இடுக்குகளில். ஒரு குழி தென்பட்டால் பக்கத்திலேயே இன்னும் பல இருக்கும். குழியின் வாய் பொதுவாக இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலம். மணலில் கிறுக்கியதுபோல வளைந்து வளைந்து ஓடும் கோடுகளும் நல்ல அடையாளம். இடம் தேடி அலைந்த புழு விட்டுச்சென்ற தடம் அது. செங்குத்தாக இறங்கும் உருண்டைத் துளையாக இருந்தால் உள்ளே இருப்பது வேறு ஏதாவது, பெரும்பாலும் புலிவண்டின் புழுவாக இருக்கலாம். அதைக் கிளற வேண்டாம்.

பிடிக்கும்போது குழிக்குள் குச்சியை விட்டுக் குத்தாதீர்கள். ஒரு பெரிய கரண்டியைக் குழியின் ஓரத்திலிருந்து சாய்வாக, அடிப்பகுதிக்கும் கீழே செலுத்தி, மணலோடு சேர்த்து ஒரே வீச்சில் அள்ளுங்கள். அதை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிவிட்டுக் காத்திருங்கள். முதலில் எதுவும் தெரியாது. மணல் நிறத்திலேயே இருக்கும் அந்தப் புழு, ஆபத்து வந்ததும் செத்ததுபோல அசையாமல் கிடக்கும். இப்படி 61 நிமிடம்வரை கிடந்ததை 2021இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் மகளிடம் இதை முன்பே சொல்லிவைத்தால், காத்திருப்பதே அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிடும்.

கடி பற்றிய பயம் வேண்டாம். தலையின் முன்னால் கொக்கிபோல வளைந்திருக்கும் இரண்டு தாடைகளும் பார்க்கத்தான் மிரட்டும். அவை உள்ளே குழாயாக அமைந்தவை. எறும்பைக் கவ்வி, நஞ்சையும் செரிமான நீரையும் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சி எடுக்க உதவுபவை. மனிதருக்கு அவற்றால் தீங்கு இல்லை. நசுங்கிவிடும் ஆபத்து புழுவுக்குத்தான் அதிகம். விரல்களால் கிள்ளித் தூக்காமல் மணலோடு உள்ளங்கையில் ஏந்தச் சொல்லுங்கள்.

தாராளமாக வளர்க்கலாம். பாட்டில் வேண்டாம், வாய் அகன்ற, சுவர் வழுவழுப்பான டப்பா போதும். புழு பிடித்த இடத்து மணலையே சலித்து, ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்புங்கள். ஒரு டப்பாவுக்கு ஒரே ஒரு புழு. இரண்டை விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். தண்ணீர் தெளிக்கக் கூடாது. நேரடி வெயிலிலும் வைக்க வேண்டாம்.

அன்று மாலையே டப்பா அருகில் உட்கார்ந்து பாருங்கள். எறும்பைப் போட்டுப் பிடிபடுவதைப் பார்ப்பதைவிடக் குழி உருவாவதைப் பார்ப்பதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய காட்சி. புழு பின்பக்கமாகவே நகர்ந்து ஒரு வட்டம் போடும். பிறகு உள்நோக்கிச் சுருண்டு சுருண்டு இறங்கும். தலையையே மண்வெட்டியாக்கி மணலை வெளியே வீசிக்கொண்டே போகும். உலர்ந்த மணல் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது அல்லவா? சரிந்துவிடும் அந்த எல்லையிலேயே சுவரை நிறுத்திவிடும். பிறகு எறும்பு கால் வைத்தால் போதும், சுவரே அதைக் கீழே தள்ளும். தப்பி ஏறப் பார்த்தால் புழு அடியிலிருந்து மணலை வீசி மேலும் சரிய வைக்கும். மணலில் எழும் அதிர்வைத் தன் உடல் மயிர்களால் உணர்ந்தே இத்தனையும் செய்கிறது. சிறுவயதில் குழிக்கு மேல் குனிந்து கூப்பிட்டால் அது மணலை வீசுமே, நினைவிருக்கிறதா? நம் மூச்சில் உருண்ட மணல்துகள்களுக்கு அது தந்த பதில்தான் அது.

சில நாளுக்கு ஒருமுறை ஓர் எறும்பு போதும். மருந்து தெளித்த இடத்து எறும்பைப் போடாதீர்கள். நீங்கள் வெளியூர் போனாலும் கவலை இல்லை. வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும் திறன் அதற்கு உண்டு. டப்பாவைச் சுத்தம் செய்யும் வேலையும் இல்லை. புழுப் பருவத்தில் அது மலம் கழிப்பதே கிடையாது. கழிவு முழுவதும் உடலுக்குள்ளேயே தேங்கி, இறக்கை முளைத்து வெளிவந்த பிறகுதான் வெளியேறும். உறிஞ்சி முடித்த எறும்புக் கூட்டைக்கூட அதுவே குழிக்கு வெளியே வீசிவிடும்.

சில நாள் வைத்திருந்துவிட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவது எளிது. அதையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் புழுப் பருவம் ஓரிரு ஆண்டுகள் நீளும். உணவு குறைந்தால் மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். ஆனால் நீங்கள் பிடித்தது நன்கு வளர்ந்த புழுவாக இருந்து, திடீரென்று குழி தோண்டுவதை நிறுத்திவிட்டால் தோண்டிப் பார்க்காதீர்கள். அது தோல் உரிக்கலாம். அல்லது மணலையும் பட்டிழையையும் சேர்த்து உருண்டையான கூடு கட்டி உள்ளே அடங்கியிருக்கலாம். கூடு கட்டியிருந்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறக்கையுள்ள பூச்சி வெளிவரும். ஊசித்தட்டானைப் போல இருக்கும். தடித்த நுனியுள்ள உணர்கொம்புகளை வைத்து வேறுபடுத்தலாம்.

அதற்காக மணலில் ஒரு சொரசொரப்பான குச்சியை முன்பே நட்டு, டப்பாவின் மேல் உயரமாக வலை கட்டிவிடுங்கள். ஏறித் தொங்குவதற்குப் பிடிமானம் இல்லாவிட்டால் இறக்கைகள் விரியாமல் கசங்கிப்போகும். பெரும்பாலும் இருட்டிய பிறகே பறக்கும் பூச்சி அது. ஆகவே இறக்கை நன்றாக உலர்ந்த பின், பொழுது சாயும் நேரத்தில், விளக்கு வெளிச்சம் இல்லாத பக்கமாக வலையைத் திறந்துவிடுங்கள்.