பழைய பொருள் சந்தையில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு தேவையா?

தேவை. ஆனால் தடைப் பட்டியல் சின்னதாக இருக்க வேண்டும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலே தெரிகிற குறைக்குச் சட்டம் வேண்டாம். கால் ஆடும் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்குவதும் விடுவதும் நம் பாடு. பார்த்தாலும் தெரியாத, ஆனால் உயிருக்கு உலை வைக்கிற குறை இருக்கிறதே, அதற்குத்தான் கட்டுப்பாடு.

ஒருமுறை இப்படியொரு சந்தையில் ஹெல்மெட் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்துணியை விலக்கினால், தெர்மோகோல் மாதிரி இருக்கும் நுரையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் முடியளவு விரிசல். அடி விழும்போது தான் நசுங்கித் தலையைக் காப்பாற்றுவதுதான் அந்த நுரையின் வேலை. நசுங்கியது மறுபடி எழும்பாது. விற்றவரிடம் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. பாவம், அவருக்கும் தெரியாது. ஏமாற்றுக்காரரைப் பிடித்தால் மட்டும் போதாது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

குழந்தைச் சாமான்களில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஒரு பக்கக் கம்பித் தடுப்பு மேலும் கீழும் நகரும் தொட்டில் கட்டில்களை அமெரிக்காவில் 2011 ஜூன் முதல் விற்கக் கூடாது, பழையதாக இருந்தாலும் சரி. தடுப்பு கழன்று, அந்த இடுக்கில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால் வந்த தடை அது. நிறுவனம் ஆபத்து என்று திரும்பப் பெற்ற பொருளை மறுவிற்பனை செய்வதும் அங்கே 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஈயம் கலந்த பெயின்ட் அடித்த பொம்மைகளுக்கு அங்கே 1978-லேயே தடை வந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய பொம்மைகள் இன்னும் பரண்களில் இருக்கின்றனவே!

குழந்தைப் பால் பவுடர், மருந்து இரண்டையும் வாங்கிய ரசீது இல்லாமல் விற்க விடக் கூடாது. திருட்டுச் சரக்காக வருவது ஒரு பக்கம். வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது அதைவிடப் பெரிய கவலை.

சரி, இதையெல்லாம் யார் பார்ப்பது? சந்தை நடத்துகிறவர்தான். கடைக்காரர்கள் போலி இசை கேசட் விற்பது தெரிந்தும் இடம் கொடுத்த சந்தை உரிமையாளர்மீது வழக்குத் தொடரலாம் என்று 1996-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. வாடகை வாங்குகிறவருக்குப் பொறுப்பும் உண்டு என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

அதற்காக எல்லாருக்கும் லைசென்ஸ், எல்லாவற்றுக்கும் சான்றிதழ் என்று போகாதீர்கள். வருஷத்துக்கு ஒருநாள் வீட்டை ஒழித்து நாலு பாத்திரமும் புத்தகமும் கொண்டுவருகிறவர் அதோடு வரமாட்டார். நுழைவாயிலில் ஒரு மேஜை, தடைசெய்த பொருட்களின் படங்கள், குழந்தைச் சாமானையும் ஹெல்மெட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர். இவ்வளவு இருந்தாலே அந்த ஹெல்மெட் உள்ளே வந்திருக்காது.