சோலையை விற்கக் கூடாது என்று உயில் எழுதினால் செல்லுமா?

கேள்வி: தாண்டிக்குடி அருகே எனக்கு 9 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. மேல்கோடியில் 3 ஏக்கர், அப்பா காலத்திலிருந்தே கோடாலி படாத சோலை. உள்ளே ஓர் ஊற்று, சித்திரையிலும் வற்றாது. ரிசார்ட் கட்ட ஒருவர் விலை பேசுகிறார். மகன்கள் இருவருக்கும் விற்க ஆசை. 'எக்காலத்திலும் விற்கக் கூடாது' என்று உயில் எழுதலாமா?

பதில்: ஐயா, எழுதலாம், நிற்காது. சொத்தை முழு உரிமையோடு கொடுத்துவிட்டு, விற்காதே என்று கட்டுப் போட்டால் அந்தக் கட்டு செல்லாது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. உயிலுக்கும் இதே நெறிதான். நிலம் பாட்டன்வழிக் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால், மகன்களுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. உங்கள் பங்குக்கு மட்டுமே நீங்கள் ஏற்பாடு செய்ய முடியும்.

பொது அறக்கட்டளைக்கு எழுதிவைக்கலாம். ஆனால் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு, பணமாகக் கொடுத்தால்தான். கோடி பெறும் சோலையைக் கொடுத்தாலும் ஒரு பைசா கழிவு கிடையாது. இந்த அநியாயம் திருத்தப்பட வேண்டும்.

உங்களுக்குப் பொருந்துவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவு என்பது என் கருத்து. உரிமையாளர் தாமாக முன்வந்தால், பட்டா நிலத்தையும் அரசு சமுதாயக் காப்பகமாக, அதாவது காட்டுயிர்களையும் அவற்றின் வாழிடத்தையும் காக்கும் இடமாக, அறிவிக்கலாம். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். அரசின் ஒப்புதலின்றி நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. நாளை மகன்கள் விற்றாலும், வாங்குகிறவர் அங்கே ரிசார்ட் எழுப்ப முடியாது. இதற்கு ஆண்டுத் தொகை எதையும் எதிர்பார்க்காதீர்கள். சோலையின் சந்தை விலையும் இறங்கும். அந்த இழப்பு மகன்களுடையது என்பதால், மீதி 6 ஏக்கரை நிபந்தனையில்லாமல் அவர்களுக்கே எழுதிவையுங்கள்.

மகன்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் (1955) அறிவிக்கப்பட்ட கிராமங்களில், சொந்த மரத்தை வெட்டவும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். ரிசார்ட்காரர் சொல்லும் விலை அந்த அனுமதி கிடைத்தால்தான். முன்பணம் கொடுத்துவிட்டு, 'மீதி அனுமதிக்குப் பின்' என்று ஒப்பந்தம் போடுவார்கள். நிலம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். காப்பிக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதையும் கோடையில் ஒருநாள் ஊற்றடிக்கே அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

முதலில் சர்வேயரை வைத்து அந்த 3 ஏக்கருக்குத் தனி உட்பிரிவு எண் வாங்குங்கள். பிறகு தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படத்தோடு மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பித்து, கையோடு ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.